மாணவர் மருத்துவக் கண்டுபிடிப்புப் போட்டிக்கு நடுவராகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் மாணவர் மருத்துவக் கண்டுபிடிப்புப் போட்டிகளுக்குச் சில ஆண்டுகளாக நடுவராகப் போய்வருகிறேன். அதற்கு முன்பு மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் நெடுநாள் இருந்தேன். புதிதாக நடுவராக வருகிறவர்கள் இடைவேளையில் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லையே, என்னை எதற்கு நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள்?

நடுவர்கள் எல்லோரும் டாக்டர்களாக இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்க முடியும். ஒரு கருவி நோய்க்குச் சரியாக இருக்குமா என்று டாக்டர் பார்ப்பார். அதை ஒரு நாளில் பத்து இருபது தடவை கையில் எடுக்க வேண்டியவர் நர்ஸ். கீழே விழுந்தால் என்ன உடையும் என்று எனக்குத் தெரியும். வாங்குவதற்குக் கையெழுத்துப் போடும் நிர்வாகிக்கு வேறு கவலை. வீட்டில் ஒரு நோயாளியைப் பல மாதம் பார்த்துக்கொண்டவர் கேட்கும் கேள்வி எங்கள் யாருக்குமே தோன்றாது.

உங்களுக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து கேளுங்கள். தெரியாத இடத்தில் "இது எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்ட அணி இரண்டாவது தடவை இன்னும் எளிதாகச் சொல்லும். மனப்பாடம் செய்துவந்த அணி அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும்.

அன்றைக்கு என் வேலை என்ன, எப்போது ஆரம்பிக்கும்?

பெரும்பாலான போட்டிகளில் முதலில் எழுத்துச் சுருக்கம் வரும். அதை வைத்துச் சில அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். இறுதிநாளில் ஒவ்வொரு அணியும் சில நிமிடம் பேசும், அப்புறம் நடுவர்களின் கேள்விகள், கடைசியில் நடுவர்கள் தனியறையில் கூடி முடிவு செய்வார்கள். உங்கள் வேலை இறுதிநாளுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சுருக்கங்களை முந்தின நாளாவது படித்து, ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்த்தான் முதல்முறையாகப் படிக்கிறீர்கள் என்றால் கண்ணில் படுவது ஸ்லைடின் நிறம் மட்டும்தான்.

மதிப்பெண் தாளில் தேவை, தீர்வு, தாக்கம், சாத்தியம் என்று இருக்கிறது. எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எதில் என்ன பார்க்க வேண்டும்?

தேவை என்றால் இந்தப் பிரச்சினை யாருக்கு, எப்போது, எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது. தீர்வு என்றால் அவர்கள் செய்தது அந்தப் பிரச்சினையைத் தொடுகிறதா என்பது. தாக்கம் என்றால் இது வெற்றி பெற்றால் நோயாளிக்கு என்ன மாறும் என்பது. சாத்தியம் என்றால் இதைச் செய்து, விநியோகித்து, பராமரித்து, பயன்படுத்த வைக்க முடியுமா என்பது. சான்று என்று தனித் தலைப்பு இல்லாவிட்டால் தீர்வுக்கான மதிப்பெண்ணில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மொத்த மதிப்பெண்ணில் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு எடை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் தேவைக்குத்தான் அதிக எடை தர வேண்டும். தீர்வு தப்பாகப் போயிருந்தால் இன்னும் ஆறு மாதத்தில் திருத்திக்கொள்ளலாம். இல்லாத பிரச்சினைக்குச் செய்த கருவியை யாராலும் திருத்த முடியாது.

புதுமை என்றால் இதுவரை யாருமே செய்யாததாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது அகதி முகாம்களில் காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் திரவம் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு அவருடைய முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வாய்வழி நீரேற்றத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே ஆய்வுகளில் இருந்தது. பயிற்சி இல்லாதவர்கள் கையிலும் அதைக் கொடுக்கலாம் என்று நடத்திக் காட்டியதுதான் புதிது.

இன்னொன்று, குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நிறப்பட்டி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் சிவப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் வெறும் 19 வரிகள் கொண்ட ஒரு தாள். எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. இப்படி ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர் அணி மேடையேறினால் நாம் என்ன மதிப்பெண் போட்டிருப்போம் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஒரு அணி இயங்குகிற கருவியோடு வருகிறது, இன்னொன்று அட்டையை வெட்டி ஒட்டிக் கொண்டுவருகிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

கருவியை ஒப்பிடாதீர்கள். அந்தக் கருவியைச் செய்து அவர்கள் எதைத் தெரிந்துகொண்டார்கள் என்று ஒப்பிடுங்கள். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் தாள்களைச் சுருட்டிக் குழாயாக்கி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பு காதை நேரடியாக வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். அந்தச் சுருட்டிய தாள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது, அந்தக் கட்டத்துக்கு அது போதும்.

அட்டை மாதிரியை நான்கு நர்ஸ்களிடம் கொடுத்து, பிடி தப்பான பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திருத்திய அணி, யாரிடமும் காட்டாமல் மினுமினுக்கும் கருவி செய்த அணியைவிட முன்னே இருக்கிறது. இன்னொரு விஷயம், ஆய்வகமும் பணமும் உள்ள துறையின் மாணவர்களுக்குத்தான் பளபளப்பான கருவி எளிதாக அமையும். அதற்கு மதிப்பெண் போட்டால் அவர்களுடைய துறையின் வசதிக்குப் போட்டதாகிவிடும்.

பிரச்சினையை நேரில் பார்த்தார்களா, இணையத்தில் படித்துவிட்டு வந்தார்களா என்று ஐந்து நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

"யாரைப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் எந்த அணியிடமும் கேட்காமல் விடுவதில்லை.

ஒரு முறை, டிரிப் தீரப்போவதை எச்சரிக்கும் கருவியோடு நான்கு அணிகள் வந்தன. மூன்று அணிகள் அலாரத்தை எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்று விளக்கின. நான்காவது அணியின் மாணவி இரண்டு இரவு வார்டில் உட்கார்ந்து பார்த்திருந்தார். இரவு இரண்டு மணிக்கு ஏற்கெனவே ஐந்தாறு கருவிகள் கத்திக்கொண்டிருந்தன என்றும், ஒரு மானிட்டரின் ஸ்பீக்கர் மேல் யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள் என்றும் சொன்னார். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. பழுதுக்கு வந்த கருவிகளில் அந்தப் பிளாஸ்திரியை நானே எத்தனையோ தடவை உரித்தெடுத்திருக்கிறேன்.

அவர்களுடைய கருவி சத்தமே போடவில்லை. டிரிப் கம்பத்தின் உச்சியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஏன் உச்சியில் என்று கேட்டேன். "கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டால் கீழே இருக்கிற விளக்கு நர்ஸ் மேஜையிலிருந்து தெரியாது சார்" என்றார். இந்தப் பதிலை இணையத்தில் தேடி எடுக்க முடியாது.

"எங்கள் செயலி 95 சதவீதம் துல்லியம்" என்று எல்லா அணியும் சொல்கிறது. நம்பலாமா?

எண் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் என்று வையுங்கள். 10,000 பேரைச் சோதித்தால் 100 பேருக்கு நோய் இருக்கும். 95 பேரைச் செயலி சரியாகப் பிடிக்கும். மீதி 9,900 பேர் நலமாக இருப்பவர்கள். அவர்களில் 5 சதவீதம், அதாவது 495 பேரை, நோயாளி என்று தப்பாகச் சொல்லும். ஆக, செயலி "நோய் இருக்கிறது" என்று சொன்ன 590 பேரில் உண்மையான நோயாளிகள் 95 பேர்தான், நூற்றுக்குப் 16 பேர். மீதிப் பேர் பயந்துபோய் அடுத்த பரிசோதனைக்கு ஓடுவார்கள்.

அதே 10,000 பேரிடமும் "உங்களுக்கு நோய் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் செயலிக்குத் துல்லியம் 99 சதவீதம். அதனால் "நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுகிறது?" என்று இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்தக் கணக்கை அவர்களே ஸ்லைடில் போட்டிருந்தால் தயங்காமல் மதிப்பெண் கொடுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அந்த அணிகளிடம் என்ன கேட்பேன்?

உள்ளே எப்படி ஓடுகிறது என்று கேட்க வேண்டியதில்லை. எதை வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். யாருடைய தரவு? அதில் பெண்கள், முதியவர்கள், கருமையான தோல் உள்ளவர்கள் இருந்தார்களா? கற்றுக்கொடுத்த தரவிலேயே சோதித்தார்களா, இதுவரை பார்க்காத தரவில் சோதித்தார்களா? விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதுவே கருமையான தோல் உள்ளவர்களிடம் குறைந்த ஆக்சிஜனைக் கவனிக்காமல் விடுவது அதிகம் என்று 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு காட்டியது. அங்கே கறுப்பின நோயாளிகளிடம் அப்படித் தவறவிட்டது, வெள்ளையரிடம் தவறவிட்டதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

எதை அளந்தார்கள் என்பதும் முக்கியம். யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று கணிக்கும் ஒரு மென்பொருள், நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. செலவழிக்க வாய்ப்பில்லாதவர்கள் நலமாக இருப்பவர்களாகக் கணக்கில் வந்துவிட்டார்கள். 2019இல்தான் இதை ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். நிரல் எழுதத் தெரியாத ஒருவர்கூட "நீங்கள் அளப்பது நோயையா, வேறு எதையாவதா?" என்று கேட்கலாம்.

பாதுகாப்பு, தரச்சான்று எல்லாம் மாணவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

சான்றிதழ் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எது தப்பாகப் போகலாம் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். "மின்சாரம் போனால்? பேட்டரி பாதியில் தீர்ந்தால்? தப்பான பட்டனை அழுத்தினால்?" என்று மூன்று கேள்வி போதும். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியின் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை நீக்கிவிட்டு மென்பொருளை நம்பினார்கள். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். செய்தது அனுபவமுள்ள நிறுவனம்.

நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தோம் என்று ஒரு அணி பெருமையாகச் சொன்னது. மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் கேட்கவில்லையாம். என்ன செய்வது?

முதலில், பேசிப் பார்த்ததா, கருவியை உடம்பில் வைத்ததா என்று பிரித்துக் கேளுங்கள். நர்ஸிடம் கருத்துக் கேட்பது வேறு, நோயாளியின் உடம்பில் ஒன்றைப் பொருத்துவது வேறு. இரண்டாவதற்கு அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் கட்டாயம் வேண்டும். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனம் ஒப்புதலை வலியுறுத்தியது, 1975இல் அதைத் திருத்தியபோது தனிக் குழுவின் பரிசீலனையும் சேர்ந்தது. மருத்துவ ஆய்வுலகம் ஒத்துக்கொண்ட அடிப்படை அது.

மேடையில் வைத்து அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதையே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தரவுக்கு மதிப்பெண் போடாதீர்கள், அமைப்பாளரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். இதில் நான் இறங்கிவரமாட்டேன். பரிசு கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு எல்லா அணியும் அதே வழியில் போகும்.

நன்றாகப் பேசுகிற அணியைப் பார்த்தால் மனம் தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறதே?

எல்லோருக்கும் சாயும். ஒரு குணம் பிடித்துப்போனால் மற்ற குணங்களுக்கும் தாராளமாக மதிப்பெண் போடும் பழக்கத்தைத் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920லேயே எழுதிவிட்டார். நான் செய்வது இதுதான்: பேச்சு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பற்றி நினைக்காமல் ஒவ்வொரு தலைப்பிலும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதிவிட்டு எண்ணைப் போடுகிறேன். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்த எண் மயக்கத்தில் போட்டது.

முதலில் வரும் இரண்டு அணிகளுக்கு பென்சிலால் போடுங்கள். அப்போது உங்கள் அளவுகோல் இன்னும் நிலைத்திருக்காது. திக்கித் திணறுகிற மாணவரிடம் அவசரப்படாதீர்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்கவும் வேண்டாம். வேறு மொழியில் யோசித்து இந்த மொழியில் பேசுகிறவராக இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒரு அணியில் இருக்கிறார். அவருக்கு மட்டும் நியாயமாகப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. அமைப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டு அந்த அணிக்கு மதிப்பெண் போடாமல் விலகுங்கள், அவர்களைப் பற்றிப் பேசும்போது அறையை விட்டு வெளியே இருங்கள். நீங்கள் நேர்மையானவர் என்று உங்களுக்குத் தெரியும், மற்ற அணிகளுக்கு எப்படித் தெரியும்?

நான் 60 போட்ட அணிக்கு இன்னொருவர் 90 போட்டிருக்கிறார். கூட்டிச் சராசரி எடுத்துவிடலாமா?

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஒரு நடுவர் எல்லோருக்கும் 70க்கும் 80க்கும் இடையில் போடுகிறார், இன்னொருவர் 30 முதல் 95 வரை போடுகிறார் என்று வையுங்கள். சராசரி எடுத்தால் இரண்டாமவர் விருப்பம்தான் முடிவாக வரும், முதலாமவர் வந்ததும் வராததும் ஒன்று. ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணை முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசையாக மாற்றிவிட்டுப் பிறகு சேர்த்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் குறையும்.

அப்புறம், பெரிய வித்தியாசம் வந்த அணியைப் பற்றித்தான் அதிக நேரம் பேச வேண்டும். அங்கேதான் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தவறவிட்டிருக்கிறார். முன்னே சொன்ன காரண வரிகள் இங்கே கைகொடுக்கும். நான் 60 போட்ட ஒரு அணியைக் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருவர் நான்கே வாக்கியத்தில் விளக்கி என்னை மாற்றியிருக்கிறார். மாற்றிக்கொள்வது தோல்வியே இல்லை.

யோசனை மிக நல்லது, ஆனால் இதை வாங்க ஆள் இருக்காது. எவ்வளவு குறைக்கலாம்?

லாபம் வராது என்பதும் யாரும் எடுத்துச்செய்ய மாட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை லாபத்துக்காக யாரும் முகாமுக்குக் கொண்டுபோகவில்லை. அரசு, தொண்டு நிறுவனம், மருத்துவமனையே சொந்தமாகச் செய்துகொள்வது என்று வழிகள் உண்டு. "யார் தேர்ந்தெடுப்பார், யார் பணம் கொடுப்பார், யார் பழுதுபார்ப்பார்?" என்ற கேள்விக்கு ஒரு வழியாவது யோசித்திருந்தால் போதும்.

யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியோநர்ச்சர் என்ற இன்குபேட்டர், அதாவது பிறந்த குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டி, ஒரு உதாரணம். கார் உதிரிபாகங்களால் செய்தது, எந்த ஊரிலும் கார் மெக்கானிக்கால் பழுதுபார்க்க முடியும் என்ற அருமையான எண்ணம். 2010இல் டைம் இதழ் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் அது உற்பத்திக்குப் போகவே இல்லை. யார் தயாரிப்பார், யார் வாங்குவார் என்று முன்பே போதிய அளவு யோசிக்கவில்லை என்று செய்தவர்களே பின்னர் வெளிப்படையாகப் பேசினார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காப்புரிமை வாங்கப்போகிறோம், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டோம் என்கிறார்களே?

அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. பொதுமேடையில் விவரத்தைச் சொல்லிவிட்டால் ஐரோப்பா போன்ற இடங்களில் காப்புரிமைக்கான புதுமைத் தகுதியே போய்விடும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. பார்வையாளர் இல்லாத அறையில், நடுவர்கள் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்பதே நல்ல ஏற்பாடு. அப்போதும் சொல்ல மறுத்தால் தெரிந்ததற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். நீங்கள் கேட்டதை வெளியே யாரிடமும் பேசாதீர்கள், குறிப்புத் தாளையும் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.

பரிசு கிடைக்காத அணிகளிடம் என்ன சொல்வது? ஆறுதல் சொன்னால் போதுமா?

ஆறுதலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலான அணிகளுக்குப் பரிசு கிடைக்கப்போவதில்லை, பல மாதம் உழைத்ததற்கு அவர்கள் எடுத்துப்போவது நாம் எழுதித்தரும் குறிப்பு மட்டும்தான். அதனால் அதை ஒவ்வொரு அணிக்கும் தனியாக எழுதுங்கள். நன்றாக இருந்த ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "இன்னும் மெருகேற்றலாம்" என்பது குறிப்பே இல்லை. பெரிய ஓட்டை ஒன்றை மட்டும் சொல்லி, அதை அடைக்க அடுத்த வாரமே யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று எழுதுங்கள். ஐந்தாறு குறை எழுதினால் எதையும் செய்ய மாட்டார்கள்.

காயத்தின் ஈரத்தை அளக்கும் ஒரு கைக்கருவியோடு வந்த அணிக்கு ஒருமுறை எழுதினேன்: "அளவு சரியாக வருகிறது. ஆனால் மூடியைச் சுற்றி எட்டுத் திருகாணிக் குழிகள் இருக்கின்றன. இதை யார், எதைக் கொண்டு துடைப்பார்கள்? மருத்துவமனையில் கருவி சுத்தம் செய்யும் அறையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்." அடுத்த ஆண்டு அதே அணி திரும்ப வந்தது. மேஜையில் கருவியை வைத்தார்கள். குழிகள் இல்லை, மூடியும் இல்லை, ஒரே துண்டாக வார்த்திருந்தார்கள். ஸ்லைடை ஆரம்பிக்கும் முன்பு ஒரு மாணவர் ஈரத்துணியை எடுத்து, எங்கள் கண்ணெதிரே அதை ஒரே இழுப்பில் துடைத்துக் காட்டினார்.